கன்வேயர் பெல்ட் டென்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல் கிரஷர், எம்-சாண்ட் ஆலை, சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை, நிலக்கரி யார்டு என எங்கே போனாலும் பெல்ட்டைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கீழே உள்ள பதில்கள் 600 முதல் 1000 மி.மீ. அகலமும் நூறு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் கொண்ட ரப்பர் பெல்ட்டுகளை மனத்தில் வைத்து எழுதியவை. பெரிய பெல்ட்டுகளைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

பெல்ட்டுக்கு டென்ஷன் எதற்கு? சுற்றிப் போட்டால் ஓடாதா?

இரண்டு காரணங்கள். ஒன்று, ஹெட் டிரம் (சரக்கு கொட்டும் முனையில் மோட்டார் சுற்றும் உருளை) பெல்ட்டைப் பிடித்து இழுக்க வேண்டும். டிரம்முக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் பல்லோ செயினோ கிடையாது, வெறும் உராய்வுதான். டிரம்மை விட்டு வெளியேறும் பக்கம், அதாவது திரும்பிப் போகும் பக்கம், ஓரளவு இறுக்கமாக இருந்தால்தான் அந்த உராய்வு கிடைக்கும். இரண்டாவது, சுமை ஏறிய பெல்ட் இரண்டு ரோலர்களுக்கு நடுவே தொய்யக் கூடாது. தொய்ந்தால் கல் ஒவ்வொரு ரோலரையும் ஏறி இறங்கிப் போகும், ஓரத்தில் கொட்டும், கரண்டும் கூடுதலாக இழுக்கும்.

இந்த இரண்டுக்கும் போதுமான இறுக்கம் எதுவோ அதுதான் சரியான டென்ஷன். அதற்கு மேல் ஏற்றுவதால் எந்த லாபமும் இல்லை.

எங்கள் பெல்ட்டுக்கு எவ்வளவு டென்ஷன் வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். மோட்டார் 15 கிலோவாட், பெல்ட் வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர். மோட்டார் முழுச் சுமையில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், பவரை வேகத்தால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும்: 15-ஐ 1.5-ஆல் வகுத்தால் 10 கிலோநியூட்டன். பேச்சு வழக்கில் ஒரு டன் இழுவை. கியர்பாக்ஸில் கொஞ்சம் இழப்பு உண்டு என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். கணக்கு பாதுகாப்பான பக்கம் நிற்கட்டும்.

இந்த ஒரு டன் என்பது டிரம்மின் இரு பக்க டென்ஷனுக்கும் உள்ள வித்தியாசம். இப்போது தளர்ந்த பக்கத்தில் குறைந்தது எவ்வளவு வேண்டும்? அது டிரம்மை பெல்ட் எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது, மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெல்ட் 180 டிகிரி, அதாவது பாதிச் சுற்று சுற்றியிருந்தால், கவுண்டர் வெயிட் (பெல்ட்டை இறுக்கத் தொங்கவிடும் எடை) உள்ள கன்வேயருக்கு இழுவிசையோடு பெருக்க வேண்டிய எண் இது: ரப்பர் லேகிங் (பிடிப்புக்காக டிரம்மின் மேல் போடும் உறை) ஒட்டிய டிரம்முக்கு 0.5, வெறும் இரும்பு டிரம்முக்கு 0.84. ஸ்க்ரூ வைத்து இறுக்கும் கன்வேயரானால் முறையே 0.8, 1.2.

ஆக, லேகிங்கும் கவுண்டர் வெயிட்டும் இருந்தால் தளர்ந்த பக்கம் 5 கிலோநியூட்டன், இறுக்கமான பக்கம் 15. அதே கன்வேயரில் லேகிங் இல்லாமல் ஸ்க்ரூ மட்டும் இருந்தால் தளர்ந்த பக்கம் 12, இறுக்கமான பக்கம் 22. சுமை ஒன்று, மோட்டார் ஒன்று, ஆனால் பெல்ட் தாங்க வேண்டிய இழுப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. லேகிங் போடச் செலவு என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்.

இனி தொய்வைச் சரிபார்க்க வேண்டும். ரோலர் இடைவெளியில் 2 சதவீதத்துக்கு மேல் தொய்யக் கூடாது என்பது பொதுவான அளவு. 1.2 மீட்டர் இடைவெளிக்கு 24 மி.மீ. அதற்குத் தேவையான டென்ஷன் கிலோ கணக்கில்: ஒரு மீட்டரில் உள்ள பெல்ட்டும் சரக்கும் சேர்ந்த எடையை ரோலர் இடைவெளியால் பெருக்கி, அதை 6.25-ஆல் பெருக்குங்கள். மணிக்கு 200 டன் ஏற்றினால் 1.5 மீட்டர் வேகத்தில் மீட்டருக்கு 37 கிலோ கல் இருக்கும். பெல்ட் எடை 10 கிலோ என்றால் மொத்தம் 47. கணக்கு வருவது சுமார் 350 கிலோ. நம்மிடம் 500 கிலோ இருக்கிறது, போதும்.

போதும் என்று எழுந்துவிடாதீர்கள். கிரஷர் கன்வேயர் பெரும்பாலும் சாய்வாக ஏறும். தலைப்பக்கத்தில் 500 கிலோ இருந்தாலும், கீழே போகப்போக பெல்ட்டின் சொந்த எடையால் டென்ஷன் குறையும். 10 மீட்டர் உயரம் ஏறும் பெல்ட்டில், மீட்டருக்கு 10 கிலோ வீதம், 100 கிலோ போய்விடும். டெயிலில், அதாவது கீழ் முனையில், மிஞ்சுவது 400 தான். கல் வந்து விழுவதும் அங்கேதான். அதனால் தொய்வை எப்போதும் டெயில் பக்கம், லோடு விழும் இடத்தில் பாருங்கள்.

கவுண்டர் வெயிட் எவ்வளவு போட வேண்டும்?

மேலே கணக்கிட்ட டென்ஷனைப் போல இரண்டு மடங்கு. எடையைத் தொங்கவிட்ட டிரம்மை பெல்ட் இரண்டு கைகளால் தாங்குகிறது, ஒவ்வொரு கைக்கும் பாதிப் பாரம். 5 கிலோநியூட்டன் வேண்டுமென்றால் மொத்தம் 10 கிலோநியூட்டன், சுமார் ஒரு டன். இதில் அந்த டிரம், ஷாஃப்ட், பேரிங், பெட்டி எல்லாவற்றின் எடையும் அடக்கம். அவை 300 கிலோ இருந்தால் பெட்டிக்குள் போட வேண்டியது 700 கிலோதான். இதை மறந்து ஒரு டன் கான்கிரீட்டைத் தனியாக ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஸ்க்ரூ நல்லதா, கவுண்டர் வெயிட் நல்லதா?

முப்பது மீட்டருக்குள் ஸ்க்ரூ போதும். அதற்கு மேல் போகப்போக கவுண்டர் வெயிட்தான். சுமை ஏறினால் பெல்ட் நீளும், இறங்கினால் சுருங்கும். எடை அதற்கேற்ப இறங்கி ஏறி டென்ஷனை ஒரே அளவில் வைத்திருக்கும். ஸ்க்ரூவுக்கு அந்த அறிவு கிடையாது. நீங்கள் விட்ட இடத்திலேயே நிற்கும். காலி பெல்ட்டில் சரியாக இருந்தது முழு லோடில் லூஸாகிவிடும் என்பதால்தான் ஸ்க்ரூவில் முதலிலேயே கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கிறது. மேலே 0.5-க்குப் பதில் 0.8 என்று வந்தது அந்தக் கணக்கில்தான்.

புது பெல்ட் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, லூஸாகிவிட்டது. பெல்ட் மட்டமானதா?

பெரும்பாலும் இல்லை. துணி அடுக்கு வைத்த எந்த பெல்ட்டும் முதல் சில வாரங்களில் நிரந்தரமாகக் கொஞ்சம் நீளும். நெசவின் நூல்கள் நெளிவு நிமிர்ந்து இடம் பிடிக்கும் வரை அது நடக்கும். நைலான் பெல்ட் அதிகம் நீளும். நீளவாட்டில் பாலியெஸ்டர் உள்ள ஈபி பெல்ட் குறைவாக நீளும். ஓட ஆரம்பித்த முதல் நாள், முதல் வாரம், முதல் மாதம் என்று பார்த்து இறுக்கினால் அப்புறம் அடங்கிவிடும். மூன்று மாதம் கழித்தும் விடாமல் நீண்டுகொண்டே இருந்தால் அப்போது சந்தேகப்படலாம்: பெல்ட்டின் தாங்குதிறனுக்கு மேல் இழுக்கிறீர்கள், அல்லது ஜாயின்ட் மெல்ல இழுபட்டு வருகிறது. ஜாயின்ட் இருக்கும் இடத்தின் இரு பக்கமும் பெயின்டில் கோடு போட்டு, அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை எழுதி வையுங்கள். அது கூடினால் குற்றவாளி ஜாயின்ட்.

ஜாயின்ட் போடும்போது இன்னொரு விஷயம். டெயில் டிரம்மை ஸ்க்ரூவின் நடுவிலோ கடைசியிலோ வைத்து அளவெடுக்கக் கூடாது. முன்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, மீதி ஓட்டம் (டிரம் நகர இருக்கும் இடம்) முழுவதும் பின்னால் இருக்கும்படி வைக்க வேண்டும். டிரம் முதல் டிரம் வரை உள்ள தூரத்தில் நைலானுக்கு 2 சதவீதத்துக்குக் குறையாமலும், ஈபி பெல்ட்டுக்கு ஒன்றரை சதவீதமாவதும் ஓட்டம் இருப்பது நல்லது. 50 மீட்டர் நைலான் பெல்ட்டுக்கு ஒரு மீட்டர். பல கிரஷர்களில் அரை மீட்டர் ஸ்க்ரூதான் இருக்கிறது. அதனால்தான் ஆறு மாதத்துக்குள் பெல்ட்டை வெட்டி மறுபடி ஒட்ட வேண்டி வருகிறது.

பெல்ட் ஸ்லிப் ஆகிறது. ஸ்க்ரூவை இறுக்கிவிடலாமா?

இறுக்கினால் அன்றைக்கு நிற்கும். ஆனால் நேற்று வரை அதே இறுக்கத்தில் ஓடிய பெல்ட் இன்றைக்கு ஏன் வழுக்குகிறது என்று முதலில் கேளுங்கள். பெல்ட் ஒரே ராத்திரியில் நீண்டுவிடாது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கன்வேயரை நிறுத்தி ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

முதலில் ஹெட் டிரம். லேகிங் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா, ஒரு ஓரம் கழன்றுவிட்டதா, சேறு படிந்திருக்கிறதா? அடுத்து ரோலர்கள். கையால் சுற்றிப் பார்த்தால் சுற்றாத ரோலர் தெரிந்துவிடும். நின்றுபோன ரோலர் ஒவ்வொன்றும் பிரேக் மாதிரிதான், பத்து ரோலர் நின்றால் மோட்டார் இழுக்க வேண்டிய பாரம் கண்டபடி ஏறும். அப்புறம் ஹாப்பருக்குக் கீழே ஸ்கர்ட் ரப்பர். தூசி வராமல் இருக்க அதை பெல்ட்டின் மேல் அழுத்தி இறுக்கி வைத்திருப்பார்கள். சரக்கு சிந்தாத அளவுக்கு லேசாகத் தொட்டால் போதும். டெயில் டிரம்முக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே கல் குவிந்து பெல்ட் அதில் உரசிக்கொண்டு ஓடுவதையும் நிறைய பார்க்கலாம். சுத்தம் செய்த உடனே ஸ்லிப் போய்விடும். பெல்ட்டில் சரக்கைப் போடும் ஃபீடரைக் கூட்டி வைத்து மணிக்கு 200 டன் பெல்ட்டில் 280 டன் ஓட்டுகிறவர்களும் உண்டு. அதற்கு டென்ஷன் மருந்தில்லை.

ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஸ்லிப், ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடுகிறது என்றால் அது வேறு கதை. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் முழுச் சுமைக்கான முறுக்குவிசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை ஒரேயடியாகக் கொட்டும். அங்கே விசையை மெல்ல மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ, வி.எஃப்.டி.யோ (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), ஃப்ளூயிட் கப்ளிங்கோ பார்க்க வேண்டும். அதோடு, லோடோடு நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டும். ஃபீடரை முதலில் நிறுத்தி, பெல்ட் காலியான பிறகு கன்வேயரை நிறுத்தும் பழக்கம் எல்லா ஆபரேட்டருக்கும் வரவேண்டும். கரண்ட் போய் நிற்பதை ஒன்றும் செய்ய முடியாது, அது விதிவிலக்கு.

மழைக்காலத்தில் மட்டும் வழுக்குகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் வரும் அழைப்புகளில் பாதி இதுதான். ஈரத்தில் உராய்வு குறைகிறது. வெறும் டிரம் ஈரமானால் பிடிப்பு மிக மோசம், சேறும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வைர வடிவ வரி வெட்டிய லேகிங் தண்ணீரை வெளியே தள்ளும். அதுவும் போதவில்லை என்றால் செராமிக் லேகிங். திரும்பும் பெல்ட்டின் உள்பக்கம் படியும் சேற்றை வழிக்க டெயிலுக்கு முன்னால் ‘வி’ வடிவ ஸ்க்ரேப்பர் ஒன்று அவசியம். மழைக்காக இறுக்கியதை தை மாதம் வந்தும் தளர்த்தாமல் விடுவது இன்னொரு பழக்கம்.

கொஞ்சம் அதிகமாக இறுக்கி வைத்தால் என்ன நஷ்டம்? பெல்ட் அறுந்துவிடாதே?

பெல்ட் அவ்வளவு சீக்கிரம் அறாது என்பது உண்மை. ஈபி 400/3 என்று பெல்ட்டில் அச்சிட்டிருந்தால், அகலத்தில் ஒவ்வொரு மி.மீ.க்கும் 400 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும், அடுக்கு மூன்று என்று பொருள். வேலையில் அதன் பத்தில் ஒரு பங்கு வரை இழுக்கலாம். 800 மி.மீ. பெல்ட்டுக்கு 32 கிலோநியூட்டன். நம் உதாரணத்தில் வந்தது 15-தான், தாராளம். ஆனால் படி வெட்டி ஒட்டிய ஜாயின்ட்டில் ஒரு அடுக்கின் பலம் போய்விடும், மூன்று அடுக்கில் ஒன்று போனால் மிஞ்சுவது மூன்றில் இரண்டு. கிளிப் அடித்த ஜாயின்ட் இதைவிடப் பலவீனமானது.

பெல்ட்டுக்கு முன்னால் வேறு பொருள்கள் சாகும். டிரம் ஷாஃப்ட் வளையும். பேரிங்குகள் சூடாகி ஆயுள் குறையும்: பந்து பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும், இது கணக்கு. லேகிங் பிய்யும். ஓரங்களில் பெல்ட் நீண்டு, அப்புறம் நேராக ஓடாது. கீழே தட்டையாகப் போய் பிறகு மேலே வளைந்து ஏறும் கன்வேயர்களில், அதிக டென்ஷனில் காலி பெல்ட் வளைவில் ரோலரை விட்டு மேலே எழும்பிவிடும். காற்று அடிக்கிற நாளில் அது பக்கத்தில் சரிந்து ஃப்ரேமில் உரசும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தரம் டெயில் பேரிங் மாற்றுகிற இடங்களில், பேரிங் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ஸ்க்ரூவைப் பார்ப்பது நல்லது.

பெல்ட் ஒரு பக்கமாக ஓடுகிறது. டென்ஷன் கூட்டினால் நேராகுமா?

ஆகாது. டெயில் டிரம் பெல்ட்டுக்குக் குறுக்காக, சரியாக 90 டிகிரியில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஸ்க்ரூ இரண்டு பக்கமும் ஒரே சுற்று சுற்ற வேண்டும். டெயிலில் பெல்ட் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்க ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினால் பெல்ட் எதிர்ப்பக்கம் நகரும். ஒரு முறை திருப்பிவிட்டு பெல்ட் மூன்று நான்கு சுற்று ஓடிய பிறகுதான் பலன் தெரியும். பொறுமையில்லாமல் இரண்டு பக்கமும் மாறி மாறித் திருப்பினால் கடைசியில் பெல்ட் கோணலாகவும் இருக்கும், அநியாயத்துக்கு இறுக்கமாகவும் இருக்கும். லோடு நடுவில் விழுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டென்ஷனை அளக்கக் கருவி இருக்கிறதா?

பெரிய பெல்ட்டுகளுக்கு லோடு செல் (விசையை அளக்கும் சென்சார்) உண்டு. நமக்கு ஒரு நைலான் கயிறும் ஸ்கேலும் போதும். கன்வேயரை நிறுத்திப் பூட்டிய பிறகு, ஹெட்டுக்கு அருகே கீழ்ப் பக்கத்தில் இரண்டு ரிட்டர்ன் ரோலர்களுக்கு நடுவே கயிற்றை நேராகப் பிடித்து, நடுவில் பெல்ட் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். ரோலர் இடைவெளி 3 மீட்டர், பெல்ட் மீட்டருக்கு 10 கிலோ, டென்ஷன் 5 கிலோநியூட்டன் என்றால் தொய்வு 22 மி.மீ. டென்ஷன் பாதியானால் 44 மி.மீ.

கவுண்டர் வெயிட் உள்ள கன்வேயரில், எடை தலைப்பக்கம் தொங்கினால், நின்ற நிலையிலும் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். ஸ்க்ரூ உள்ளதில் நிறுத்தியவுடன் இறுக்கமும் தளர்வும் பெல்ட் முழுக்கப் பரவிவிடுவதால் எண்ணை அப்படியே நம்ப முடியாது. நன்றாக ஓடுகிற நாளில் அளந்து, ஃப்ரேமிலேயே பெயின்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதோடு ஒப்பிடலாம்.

கவுண்டர் வெயிட் இருக்கிறது, ஆனாலும் லூஸ்.

எடை தொங்குகிறதா, உட்கார்ந்திருக்கிறதா? பெல்ட் நீண்டு பெட்டி தரையைத் தொட்டிருக்கும். அல்லது குழியில் சிந்திய சரக்கு குவிந்து அதன்மேல் பெட்டி நிற்கும். அல்லது பெட்டி ஏறி இறங்கும் கைடு துருப்பிடித்து இறுகியிருக்கும். மூன்றில் எதுவானாலும் எடை பெல்ட்டை முழுதாக இழுக்காது. இதைக் கவனிக்காமல் பெட்டிக்குள் பழைய இரும்பைப் போட்டுக்கொண்டே போவார்கள். பிறகு யாரோ குழியைச் சுத்தம் செய்வார்கள், ஒன்றரை டன் ஒரேயடியாக பெல்ட்டில் தொங்கும்.

ஓடும்போதே ஸ்க்ரூவை இறுக்கலாமா?

கூடாது. டெயில் டிரம் பெல்ட்டைக் கடிக்கும் இடம்தான் கன்வேயரில் கையையும் துணியையும் முதலில் பிடிக்கும் இடம். பல கிரஷர்களில் அங்கே கம்பி வலைகூட இருக்காது. ஒரு பக்கமாக ஓடுவதைச் சரிசெய்ய பெல்ட் ஓட வேண்டியிருக்கும், சரிதான். அதற்கு ஸ்க்ரூவின் முனையை வலைக்கு வெளியே நீட்டி அமைக்க வேண்டும். வலை இல்லாத இடத்தில் நிறுத்தித் திருப்பி, விலகிப் போய் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவி வேலை செய்கிறவர் பையில் இருக்க வேண்டும். புல்கார்டு (அவசரத்துக்கு நிறுத்தும் கயிறு) இழுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அதை யாரும் ரீசெட் செய்யலாம். கரண்ட் இல்லாதபோதும் பெல்ட்டில் டென்ஷன் இருக்கிறது, எடை தொங்குகிறது, சாய்வு கன்வேயரில் சரக்கு கீழே இழுக்கிறது. பெல்ட்டை வெட்டுவதற்கு முன் எடையைச் செயின் பிளாக் போட்டுத் தூக்கிக் கட்டி, பெல்ட்டையும் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள்.

ஸ்லிப்பால் தீப்பிடிக்குமா?

பிடிக்கும். பெல்ட் நின்றுபோய் டிரம் மட்டும் சுற்றினால் சில நிமிடங்களில் ரப்பர் புகைய ஆரம்பிக்கும். பெல்ட் உராய்வு என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் சாட்சி. அங்கே சிக்கியது டென்ஷனால் அல்ல, பெல்ட் கிழிந்து சரக்கு மாறும் இடத்தில் மாட்டிக்கொண்டது. அந்த உராய்வில் பிடித்த தீயில் 1950 செப்டம்பரில் 80 பேர் இறந்தார்கள். டெயில் டிரம்மில் ஒரு ஸ்பீடு சென்சார் வைத்து, வேகம் குறைந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி செய்துவிடுங்கள். ஒரு ஜாயின்ட் போடும் கூலியைவிடச் செலவு குறைவு. நிலக்கரி, கரும்புச் சக்கை கையாளும் இடங்களில் இது இல்லாமல் ஓட்டவே கூடாது.

நெய்வேலி மாதிரிப் பெரிய இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்?

அங்கே ஸ்டீல் கார்டு பெல்ட். நீளவாட்டில் இரும்புக் கயிறுகள் போவதால் நீட்சி மிகக் குறைவு, கால் சதவீதம் போலத்தான். மேகாலயாவிலிருந்து வங்காளதேசத்துச் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் கொண்டுபோகும் 17 கி.மீ. கன்வேயர் போன்றவற்றைத் துணி பெல்ட்டில் நினைத்தே பார்க்க முடியாது: 2 சதவீதம் என்றால் 340 மீட்டர் ஓட்டம் வேண்டும்! நீளமான கன்வேயர்களில் எடைக்குப் பதிலாக விஞ்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) வைத்து, லோடு செல் சொல்கிறபடி ஸ்டார்ட்டில் கூடுதலாகவும் ஓடும்போது குறைவாகவும் இழுப்பதும் உண்டு.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஹெட் டிரம் மெதுவாகத்தான் சுற்றுகிறது.

அப்படியானால் வழுக்குவது கன்வேயர் பெல்ட் இல்லை. மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள வி-பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவே, குறிப்பிட்ட விசையில் அழுத்தும்போது, ஒரு மீட்டர் இடைவெளிக்கு 16 மி.மீ. அளவு இறங்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் செட்டாக மாற்றுங்கள். நான்கில் இரண்டை மட்டும் மாற்றினால் புதியது இரண்டும் முழுப் பாரத்தையும் தாங்கிச் சீக்கிரம் போய்விடும்.